மாரியோ மக்காஃபெர்ரி

மாரியோ மக்காஃபெர்ரி (மே 20, 1900 – ஏப்ரல் 16, 1993) இத்தாலியில் பிறந்த கித்தார் கலைஞரும் இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில்முனைவோரும் ஆவார். பிரான்சு நாட்டின் செல்மர் நிறுவனத்திற்காக 1930களின் தொடக்கத்தில் இவர் வடிவமைத்த கித்தார், ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கைகளில் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி, மரத்திற்குப் பதிலாக நெகிழியை (பிளாஸ்டிக்) கொண்டு உக்குலேலே, கித்தார், வயலின் ஆகியவற்றைச் செய்தார். இவற்றுள் உக்குலேலே இலட்சக்கணக்கில் விற்றது. கித்தாரும் வயலினும் வணிக அளவில் தோல்வியுற்றன. ஈரத்தாலும் வறட்சியாலும் மாறாத இசைக்கருவி ஒன்றைத் தொழிற்சாலையில் செய்ய முடியுமா என்ற கேள்வியைப் பேரளவில் முயன்று பார்த்த முதல்வர்களுள் இவர் முதன்மையானவர்.

மரமும் ஈரமும்

மக்காஃபெர்ரியின் முயற்சியைப் புரிந்துகொள்ள, மரக் கித்தாருக்கு ஈரக்காற்று என்ன செய்கிறது என்பதை முதலில் அறிவது நல்லது. வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்திற்கேற்ப நீரை ஏற்றும் இறக்கியும் கொண்டே இருக்கும். நீர் ஏறும்போது இழைக்குக் குறுக்காக அகலும். நீர் இறங்கும்போது சுருங்கும். இழையின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு.

கித்தாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அதன் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. அகலமான இடத்தில் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 45 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு உயர்ந்து, அந்நிலையில் பல நாட்கள் நீடித்தால், தடையின்றி விடப்பட்ட இப்பலகை குறுக்குவாக்கில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலும். ஆனால் கித்தாரில் அது தடையின்றி விடப்படுவதில்லை. அடியில் குறுக்குச் சட்டங்களும் சுற்றிலும் பக்கப்பலகைகளும் ஒட்டப்பட்டுள்ளன. அகல இடமில்லாத பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது, அதனுடன் குதிரையும் எழும்பி, கம்பிகள் மெட்டுகளிலிருந்து விலகுகின்றன, சுருதி கெடுகிறது. எதிர்த் திசையில் காற்று வறண்டால் பலகை சுருங்க முயன்று, முடியாமல் வெடிக்கிறது. இக்காரணத்தால்தான் கித்தார் செய்வோர் பொதுவாக 40 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கின்றனர்.

தமிழ்நாட்டின் கடற்கரையில் இப்பரிந்துரை ஏட்டளவில்தான் நிற்கும். புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவிலைக் கடந்து கடலோரமாகச் சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வருகின்றன. சமையலுப்பு, ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். எனவே வீட்டு உப்புச்சாடியை ஓர் எளிய ஈரமானியாகவே கொள்ளலாம்: உப்பு கசிகிற நாள், கித்தார் வீங்குகிற நாள். கோடையில் உப்பு விளைந்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கும் இக்கரையில் அத்தகைய நாட்கள் ஆண்டில் பல.

இக்கடற்கரைக்கும் நரம்பிசைக் கருவிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. மரக்காணம், சங்க கால எயிற்பட்டினமாக அறிஞர் பலரால் அடையாளம் காணப்படுகிறது. அவ்வூரைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்தி ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனின் வழியைச் சொல்வது. உப்பு வணிகரான உமணரும் அதில் வருகின்றனர். தோல் போர்த்திய பத்தரும் நரம்பும் கொண்ட யாழ், ஈரக்காற்றில் சுருதி நிற்பதற்கு இன்றைய கித்தாரை விட எளிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இளமைக்காலம்

மக்காஃபெர்ரி, வட இத்தாலியில் பொலோன்யா நகருக்கு அருகிலுள்ள சென்டோ என்னும் சிற்றூரில் 1900ஆம் ஆண்டு பிறந்தார். 11ஆம் வயதில், அவ்வூரில் பட்டறை வைத்திருந்த லூயிஜி மொட்சானியிடம் (1869–1943) தொழில் பழகச் சேர்ந்தார். மொட்சானி ஒரே நேரத்தில் கித்தார் கலைஞராகவும் கருவி செய்பவராகவும் இருந்தவர். யாழ் வடிவக் கித்தார், கூடுதல் மந்தரக் கம்பிகள் கொண்ட கித்தார் எனப் பல புதுமைகளை முயன்றவர். மரபில் வந்த வடிவத்தை அப்படியே ஏற்காமல், ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் வழக்கத்தை மாணவர் இவரிடமிருந்தே பெற்றார் எனலாம்.

பட்டறையில் கித்தார், மண்டலின், வயலின் வகைகளைச் செய்யக் கற்ற மக்காஃபெர்ரி, வாசிப்பதையும் உடன் பயின்றார். பின்னர் சியேனா நகரில் முறையான இசைக் கல்வியும் பெற்றார். 1920களில் இத்தாலியிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் கச்சேரிகள் நிகழ்த்தி, அக்காலத்தின் சிறந்த செவ்வியல் கித்தார் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். அதே காலத்தில் புகழ் வளர்ந்துகொண்டிருந்த ஆந்த்ரே செகோவியாவுடன் ஒப்பிடப்படும் அளவுக்கு இவர் பெயர் இருந்தது. அன்றைய கித்தாரின் ஒலி பெரிய அரங்குகளுக்குப் போதவில்லை என்பது மேடையில் இவர் நேரடியாக உணர்ந்த குறை. ஒலிபெருக்கி பரவலாகாத காலம் அது.

செல்மர் கித்தார்

1920களின் இறுதியில் இலண்டனுக்குச் சென்று கித்தார் கற்பித்துவந்த மக்காஃபெர்ரி, தாம் வடிவமைத்த புதிய கித்தாரை அங்கிருந்த செல்மர் கிளையின் பென் டேவிசிடம் காட்டினார். அவர் வழியாக இவ்வடிவம் பாரிசிலிருந்த ஆன்றி செல்மரை எட்டியது. சாக்சபோன், கிளாரினெட் போன்ற துளைக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம், பாரிசுக்கு மேற்கே மாண்ட்-லா-வில் என்ற ஊரிலிருந்த தன் தொழிற்சாலையில் கித்தார் பிரிவு ஒன்றைத் தொடங்க ஒப்புக்கொண்டது. எந்திரங்களை அமைப்பது, வார்ப்பச்சுகளைச் செய்வது, தொழிலாளர்களைப் பழக்குவது ஆகிய அனைத்தையும் மக்காஃபெர்ரி ஏற்றார். 1932ஆம் ஆண்டு முதல் கித்தார்கள் வெளிவந்தன.

அக்கித்தாரை முதன்முறை பார்ப்பவர் கண்ணில் படுவது அரைவட்டத்தை ஒத்த பெரிய ஒலித்துளை. மேல் மெட்டுகளை எளிதில் எட்டுவதற்காக உடலின் ஒரு தோள் வெட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒலியை முன்னோக்கித் தள்ளும் நோக்கில் மரத்தாலான மற்றோர் அறை பொருத்தப்பட்டது. முறுக்காணிகளின் பற்சக்கரங்கள் தூசு புகாத மூடிய பெட்டிக்குள் வைக்கப்பட்டன. கழுத்தினுள் உலோக வலுவூட்டல் இருந்தது.

இவற்றை விட இக்கட்டுரைக்கு முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. செல்மர் கித்தாரின் பின்பலகையும் பக்கப்பலகைகளும் ஒற்றை மரப்பலகையால் ஆனவை அல்ல. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தவை. வெளித்தகடு இந்திய ஈட்டி மரம் (தோதகத்தி). மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் இம்மரம், ஐரோப்பியக் கருவிகளில் அழகுக்காகவும் ஒலிக்காகவும் விரும்பப்பட்டது. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்வதால், ஒரு தகடு விரிய முயலும் திசையில் அடுத்த தகடு அதைப் பிடித்து நிறுத்துகிறது. வெடிப்பு ஏற்படுவதும் பெரிதும் குறைகிறது. உயர்விலைக் கித்தாரில் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவது மலிவுக்கான குறுக்குவழி என்று கருதப்பட்ட காலத்தில், மக்காஃபெர்ரி அதைத் தெரிந்தே தேர்ந்தார். மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூசாகவே விட்டார்.

செல்மருடனான உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் 1933இல் மக்காஃபெர்ரி விலகினார். நிறுவனம் அவருடைய வடிவத்தை மாற்றிக்கொண்டே சென்றது: உள்ளறை நீக்கப்பட்டது, பெரிய ஒலித்துளைக்குப் பதிலாகச் சிறிய நீள்வட்டத் துளை வந்தது. 1952இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை வெளிவந்த செல்மர் கித்தார்களின் மொத்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைவு. 1934இல் தொடங்கப்பட்ட பிரான்சு ஹாட் கிளப் ஐவர் குழுவில் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்ததே இக்கருவிக்கு அழியாப் புகழ் தந்தது. அவர் பிற்காலத்தில் வாசித்த 503ஆம் எண் கித்தார் இன்று பாரிசு இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. அது மக்காஃபெர்ரி விலகிப் பல ஆண்டுகளுக்குப் பின் செய்யப்பட்டது. எனவே ஜாங்கோவின் கித்தாரை மக்காஃபெர்ரி செய்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. வடிவத்தின் மூலம் அவருடையது என்பதே பொருந்தும்.

கை முறிவு

1933ஆம் ஆண்டு நீச்சல் குளத்தில் நேர்ந்த விபத்தில் மக்காஃபெர்ரியின் கை முறிந்தது. காயம் ஆறினாலும் கச்சேரிக்கு வேண்டிய விரல் வேகம் திரும்பவில்லை. 33 வயதில், செல்மர் பணியும் இல்லை, மேடையும் இல்லை என்ற நிலை. இவரது வாழ்வின் பிற்பாதி முழுவதும் தொழிற்சாலைகளிலேயே கழிந்ததற்கு இவ்விபத்தே காரணம்.

நாணல் சீவாளியிலிருந்து நெகிழிக்கு

பாரிசில் மக்காஃபெர்ரி, சாக்சபோனுக்கும் கிளாரினெட்டுக்கும் வேண்டிய சீவாளிகளைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். நாகசுரத்தின் சீவாளி காவிரிக் கரை நாணலிலிருந்து வருவது போல, அக்கருவிகளின் சீவாளி தெற்குப் பிரான்சின் வார் பகுதியில் விளையும் நாணலைச் சீவிச் செய்யப்படுவது. நாணலும் மரத்தைப் போன்றதே: ஈரத்தில் ஊறிப் பதமாகும், உலர்ந்தால் கோணும், சில வாரங்களில் தளர்ந்துவிடும். ஒரே தட்டையிலிருந்து சீவிய இரு சீவாளிகள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதை நாகசுரக் கலைஞர்கள் நன்கு அறிவர்.

ஐரோப்பாவில் போர் மூளும் சூழலில் 1939இல் இவர் மனைவி மரியாவுடன் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு அங்கு நடந்த உலகக் கண்காட்சியில் புதிய நெகிழிப் பொருட்கள் பெரிதாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. விரைவில் செருமனி பிரான்சை ஆக்கிரமித்ததால் நாணல் வரத்து நின்றுபோனது. மூலப்பொருள் இல்லாத தொழிலைக் காப்பாற்ற மக்காஃபெர்ரி நெகிழியில் சீவாளி செய்தார். பென்னி குட்மன் போன்ற புகழ்பெற்ற கலைஞர்கள் அதை ஆதரித்தனர். நாணலின் ஒலிக்கு அது முழுதும் ஈடாகவில்லை. எனினும் போர்க்காலத்தில் வேறு வழியில்லாத இசைக்குழுக்களுக்கு அது பயன்பட்டது. ஈரத்தில் ஊறாத, ஒன்றைப் போலவே மற்றொன்றும் அமையும் ஒரு பொருளை இசைக்குப் பயன்படுத்த முடியும் என்ற எண்ணம் இவரிடம் வேரூன்றியது இக்காலத்தில்தான்.

தொடர்ந்து உடை உலர்த்தும் கவ்விகள், சுவர் ஓடுகள் எனப் பல நெகிழிப் பொருட்களை இவரது தொழிற்சாலை செய்தது. இசைக் கலைஞர் ஒருவர் துணிக் கவ்வி செய்ததை வீழ்ச்சியாகக் காண்போர் உண்டு. ஆனால் உருகிய நெகிழியை உயர் அழுத்தத்தில் உலோக அச்சினுள் செலுத்தும் நுட்பத்தை இவர் கற்றது அங்கேதான்.

ஐலண்டர் உக்குலேலே

உக்குலேலே, 1879இல் மதீரா தீவிலிருந்து அவாய்க்குக் குடியேறிய போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த சிறு நரம்பிசைக் கருவியிலிருந்து தோன்றியது. நான்கு கம்பிகள் கொண்டது. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஆர்தர் காட்ஃபிரியால் அமெரிக்காவில் மீண்டும் அது பரவிக்கொண்டிருந்த 1949ஆம் ஆண்டில், மக்காஃபெர்ரி பாலிஸ்டைரீன் நெகிழியால் ஆன ஐலண்டர் உக்குலேலேயை வெளியிட்டார். காட்ஃபிரி தம் நிகழ்ச்சிகளில் அதைப் பாராட்டியதும் விற்பனை பெருகியது. இவரது நிறுவனம் செய்த நெகிழி உக்குலேலேக்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 90 இலட்சம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

விலை மிகக் குறைவு என்பது வெற்றிக்கு ஒரு காரணம். ஆனால் ஐலண்டர் வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. மெட்டுகளின் இடைவெளிகள் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்ததால் சுருதி பிசகாமல் ஒலித்தது. அச்சு ஒருமுறை துல்லியமாக அமைந்துவிட்டால் இலட்சமாவது கருவியும் முதல் கருவியைப் போலவே இருக்கும். அதே விலையில் கிடைத்த மரக் கருவிகளில் இவ்வுறுதி இல்லை. மேலும், உக்குலேலேயின் நான்கு நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை எஃகுக் கம்பிக் கித்தாரினதில் நான்கில் ஒரு பங்கு அளவே. பாலிஸ்டைரீனால் எளிதில் தாங்கக்கூடிய சுமை அது. இவ்வெற்றியின் இந்தப் பகுதியை மக்காஃபெர்ரி உரிய அளவு எடைபோட்டாரா என்பது ஐயத்திற்குரியது.

1953: நெகிழிக் கித்தார்

உக்குலேலே ஈட்டிய பணத்தைக் கொண்டு மக்காஃபெர்ரி தாம் உண்மையில் செய்ய விரும்பியதைச் செய்தார். 1953இல் இரு கித்தார்கள் வெளியாயின. ஜி-30 தட்டையான மேற்பலகையும், ஜி-40 வளைந்த மேற்பலகையும் வயலினில் உள்ளவை போன்ற எஃப் வடிவத் துளைகளும் கொண்டவை. மேற்பலகை தந்த நிறத்திலும், பக்கங்கள் ஈட்டி மரத்தைப் போன்ற பழுப்பு வரிகளுடனும் வார்க்கப்பட்டன. ஜாங்கோ ரைன்ஹார்ட் மறைந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான்.

மக்காஃபெர்ரி இவற்றை உக்குலேலேயின் பெரிய வடிவமாகக் கருதவில்லை. வெடிக்காத, புடைக்காத, எந்த நாட்டிற்கு எடுத்துச் சென்றாலும் மாறாத, தொழில்முறைக் கலைஞர் மேடையேற்றக்கூடிய கித்தாராகவே கருதினார். தம் பெயரையும் அவற்றில் பொறித்தார். செல்மரில் ஈட்டிய நற்பெயர் முழுவதையும் இதில் பணயம் வைத்தார் என்பதே உண்மை.

கித்தார்கள் விற்கவில்லை. வாங்குவோர் கண்ணில் அது ஐந்தாறு டாலர் உக்குலேலேயின் அண்ணனாகவே தோன்றியது. நெகிழி என்ற சொல்லே அமெரிக்காவில் மலிவான பொம்மையைக் குறிக்கத் தொடங்கிவிட்டிருந்தது; அதற்கு இவரது 90 இலட்சம் உக்குலேலேக்களும் ஒரு காரணம் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. பெருமளவு கித்தார்கள் கிடங்கிலேயே தங்கின. பல பத்தாண்டுகள் கழித்து, பயன்படுத்தப்படாத நிலையிலேயே அவற்றுள் பல பழங்கருவி சேகரிப்போரிடம் வந்து சேர்ந்தன.

தோல்விக்கான காரணங்கள்

மக்களின் மனப்போக்கு மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று கூறுவது மக்காஃபெர்ரிக்கு ஆதரவான கட்டுரைகளில் வழக்கம். அது பாதி உண்மையே. மீதி, பொருளின் இயல்பில் உள்ளது.

கித்தாரின் மேற்பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். கம்பி தரும் சிற்றளவு ஆற்றலைக் கொண்டு அது காற்றை அசைக்க வேண்டியுள்ளது. ஸ்ப்ரூஸ் மரத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு. அதன் இழைவழியே ஒலி நொடிக்கு 5,000 மீட்டர் அளவில் செல்கிறது. பாலிஸ்டைரீன் நீரை விடச் சற்று அடர்த்தி மிக்கது. அதில் ஒலியின் வேகம் மெல்லிய தகட்டில் நொடிக்குச் சுமார் 1,700 மீட்டர். வேகத்தை அடர்த்தியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை ஒலிப்பலகையின் தரத்திற்கு ஓர் அளவாகக் கொள்வர். அவ்வளவின்படி ஸ்ப்ரூஸ், பாலிஸ்டைரீனை விட ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்ந்தது. அன்றியும் நெகிழி அதிர்வை விரைவில் தணித்துவிடுகிறது. நாதம் நீளாது.

அடுத்தது வெப்பம். பாலிஸ்டைரீன் நீரை ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் வெப்பத்தால் அது இழைவழி மரத்தை விடப் பத்து மடங்குக்கு மேல் விரிகிறது. 65 சென்டிமீட்டர் நீளத்தில் 20 பாகை செல்சியசு மாற்றத்திற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். நூறு பாகைக்கு அருகில் அது இளகும். அதற்கும் கீழான வெப்பத்தில்கூட, இடைவிடாத இழுவிசையில் மெல்ல மெல்லத் தளர்ந்து வளையும். எஃகுக் கம்பிகளின் இழுவிசையோ ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். சித்திரை வெயிலில் பூட்டிய மகிழுந்துக்குள் இத்தகைய கித்தாரை விட்டுச் செல்வது அறிவுடைமை ஆகாது. தஞ்சாவூர் வீணையில் மெட்டுகள் பதிந்துள்ள மெழுகு கோடையில் இளகிச் சுருதி பிசகுவதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சுருங்கக் கூறின், மக்காஃபெர்ரி ஈரத்தின் பிடியிலிருந்து கித்தாரை விடுவித்து வெப்பத்தின் பிடியில் வைத்தார்.

இவ்விடத்தில் எசுப்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெசு (1817–1892) நினைவுக்கு வருகிறார். 1862இல் அவர் ஒரு கித்தாரின் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூசால் அமைத்தார். கித்தாரின் குரல் பெரும்பாலும் மேற்பலகையில்தான் உள்ளது என்று காட்டுவதே அதன் நோக்கம். அக்கருவி பார்செலோனா இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1932இல் ஒட்டுப்பலகை உடலையும் ஸ்ப்ரூஸ் மேற்பலகையையும் இணைத்த மக்காஃபெர்ரி, தோரெசின் வழியிலேயே சென்றார் எனலாம். 1953இல் அவ்வழியை விட்டு மேற்பலகையையும் மாற்றியபோதே அவர் தம் கருவியின் குரலை இழந்தார்.

பிற்காலம்

கித்தாரின் தோல்விக்குப் பின்னும் இவரது நிறுவனமான மாஸ்ட்ரோ, நெகிழி இசைக்கருவிகளையும் விளையாட்டுக் கருவிகளையும் பல ஆண்டுகள் செய்தது. வயது முதிர்ந்த பின் மக்காஃபெர்ரி வயலினை எடுத்துக்கொண்டார். கித்தார் உலகமே ஏற்காத பொருளை, அதைவிடப் பழமைப் பற்று மிக்க வயலின் உலகத்திற்குக் கொண்டுசெல்ல முயன்றது துணிவா பிடிவாதமா என்று முடிவு செய்வது கடினம். இவர் செய்த நெகிழி வயலின் 1990ஆம் ஆண்டு நியூயார்க் கார்னகி அரங்க வளாகத்தில் பொதுமக்கள் முன் வாசித்துக் காட்டப்பட்டது. அப்போது இவருக்கு வயது 90. வயலின் செய்வோரிடத்தும் வாசிப்போரிடத்தும் அது மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று, 92ஆம் வயதில் மக்காஃபெர்ரி காலமானார்.

பின்வந்தவர்கள்

மக்காஃபெர்ரி எழுப்பிய கேள்விக்குப் பின்னர் வேறு பொருட்களில் விடை கிடைத்தது. உலங்கு வானூர்திப் பொறியாளரான சார்லசு கேமன் (1919–2011), 1966இல் தொடங்கிய ஒவேஷன் கித்தார்களில் கண்ணாடி இழையால் ஆன குவிந்த பின்பகுதியைப் பயன்படுத்தினார். மேற்பலகை ஸ்ப்ரூசாகவே இருந்தது. இக்கித்தார்கள் பெரும் வணிக வெற்றி பெற்றன. தோரெசும் செல்மரும் காட்டிய பங்கீடே இங்கும் பின்பற்றப்பட்டது என்பதைக் கவனிக்கலாம்.

மேற்பலகையையும் சேர்த்து மாற்றுவது கரிம இழை (கார்பன் ஃபைபர்) வந்த பின்னரே இயன்றது. விறைப்பில் ஸ்ப்ரூசைப் பன்மடங்கு விஞ்சும் இப்பொருளை மிக மெல்லிய தகடாக்க முடியும். ஈரமும் அன்றாட வெப்பமும் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. இவ்வகையில் முன்னோடியான ரெயின்சாங் கித்தார்கள் மழையும் வெயிலும் மாறிமாறி வரும் அவாய்த் தீவுகளில் தோன்றின. மரக்காணம் கடற்கரையின் தட்பவெப்பத்திற்கு இவை நன்கு பொருந்துவன. விலைதான் தடையாக உள்ளது. ஒட்டுப்பலகைப் பின்பகுதி கொண்ட எளிய கித்தாரே இங்குள்ள மாணவர்களுக்குப் பெரும்பாலும் எட்டும் தீர்வு. அது மக்காஃபெர்ரி 1932இல் கண்ட தீர்வு என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய இசையிலும் இம்முயற்சிகள் உண்டு. தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் படலமும் மரத்திற்குப் பதிலாக இழைக் கூடும் கொண்ட மிருதங்கம் பெங்களூரில் உருவாக்கப்பட்டு மேடையேறியுள்ளது. வீணையின் சுரைக்குடத்திற்குப் பதிலாகக் காகிதக் கூழாலும் கண்ணாடி இழையாலும் ஆன குடங்கள் நெடுநாளாக வழக்கில் உள்ளன. இக்குடம் ஒலியில் சிறு பங்கே வகிப்பதால் கலைஞர்கள் இம்மாற்றத்தை எதிர்ப்பின்றி ஏற்றனர். பலா மரக் குடத்தின் மேலுள்ள பலகையை மாற்ற முனைந்தால் எதிர்ப்பு வேறு அளவில் இருக்கும். ஆரோவிலில் இயங்கிவரும் ஸ்வரம் இசைக்கருவிப் பட்டறை மரம், மூங்கில், உலோகம், கல் எனப் பல பொருட்களில் கருவிகளைச் செய்து வருகிறது.

மரம் கிடைப்பதே அரிதாகி வருவது இன்னொரு காரணம். செல்மர் கித்தார்களின் வெளித்தகடாக இருந்த ஈட்டி மரத்தின் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017இல் சேர்க்கப்பட்டது. கலைஞர்கள் கருவிகளுடன் நாடு கடப்பதில் ஏற்பட்ட இடர்களால், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது.

மக்காஃபெர்ரியின் பெயரால் இன்றும் பல நாடுகளில் கித்தார்கள் செய்யப்படுகின்றன. அவை செல்மர் வடிவத்தைப் பின்பற்றுபவை. ஏறத்தாழ அனைத்தும் மரத்தால் ஆனவை. ஜி-40 நெகிழிக் கித்தார்கள் பழங்கருவிச் சந்தையில் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன.